மிதந்த வெந்நீர்த் தொட்டி

இதை நான் எழுதலாமா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீடுகளில்கூடப் பந்தி பரிமாறுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வேன், உட்கார்ந்து பேச வேண்டாமே என்று. அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்து உங்கள் நேரத்தை வாங்குவதை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர்த் தொட்டி என்றதும் எங்களை வசதியானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுடையது மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்குள்தான் அந்தத் தொட்டி இருந்தது.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். குளித்தவர் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். கம்பிரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கடலுக்கு அடியில் நெடுநேரம் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர், குழாயில் காற்று நின்றுபோனதால் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வரக்கூடாது, ரத்தத்தில் காற்றுக் குமிழ் புகுந்துவிடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அவருக்கு அது முன்பே தெரியும். தெரிந்து என்ன செய்வது, மூச்சு வேண்டுமே. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் மரத்துப்போயின. வலது கால் மெல்ல மெல்லத் திரும்பியது. இடது கால் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வெதுவெதுப்பான தண்ணியில நெஞ்சளவுக்கு உட்கார வைங்க. தண்ணிக்குள்ள காலோட கனம் தெரியாது. தினமும் அசைக்கச் சொல்லுங்க. விட்டுட்டீங்கன்னா கால் மறந்துரும்மா.”

கால் மறந்துவிடும் என்று அவர் சொன்ன அந்தச் சொல்தான் எனக்குள் நின்றது. பிள்ளைகள் பாடத்தை மறப்பது மாதிரி ஒரு கால் நடையை மறக்குமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நெஞ்சளவு வெந்நீருக்கு எங்கே போவது? அவர் வேலை பார்த்த படகின் சொந்தக்காரரை நாங்கள் சம்மாட்டி என்போம். அவர்தான் அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து இறக்கினார். காயல்பட்டினத்தில், வெளிநாட்டில் சம்பாதித்த ஒருவர் வீடு கட்டும்போது வரவழைத்ததாம். அந்த வீட்டில் யாரும் அதில் இறங்கவே இல்லையாம். ஓடாமல் நிற்கிற தண்ணீரில், ஒருத்தர் உட்கார்ந்து எழுந்த பிறகு இன்னொருத்தர் எப்படிக் குளிப்பது என்று பெண்கள் முகம் சுளித்துவிட்டார்களாம். கடைசியில் பழைய சாமான் கடைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. வெள்ளை ஃபைபர் தொட்டி. நாலு பேர் உட்காரலாம். அடியில் ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், சுற்றிலும் நுரை அடிக்கிற ஓட்டைகள்.

தொட்டியின் விளிம்பு என் இடுப்புக்கு மேல் வந்தது. அவரால் ஏறி இறங்க முடியாது. அதனால் கொழுந்தனார், அதாவது அவருடைய தம்பி, கொட்டகைக்குள் குழி வெட்டித் தொட்டியை அதற்குள் இறக்கினார். விளிம்பு தரைக்குச் சமமாக வந்துவிட்டது. மோட்டார் பக்கம் மட்டும் ஆள் இறங்குகிற அளவுக்குக் குழியை அகலமாக விட்டுப் பலகையால் மூடினார். வெட்டும்போது அடி மணல் ஈரமாகத்தான் வந்தது. நல்ல வெயில் காலம். அதைப் பற்றி யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

அவரை இறக்குவது எளிது. தரையில் உட்கார்த்திக் காலை உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு போய்விடுவார். ஏற்றுவதும் பெரிய கஷ்டமில்லை. தண்ணீர் அவரைத் தூக்கிக் கொடுக்கும். சுவரில் பதித்த கம்பியை அவர் பிடித்துக்கொள்ள, நான் அக்குளில் கை கொடுத்து இழுத்தால் விளிம்பில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அடுத்த கேள்வி எந்தத் தண்ணீர் என்பது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ அது. நல்ல தண்ணீர் குழாயில் எப்போதாவது வரும். அதை டிரம்மில் பிடித்து மூடி வைத்துக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எடுப்போம். நல்ல தண்ணீரில் கை கழுவுகிற பிள்ளைக்கு எந்த வீட்டிலும் அடி விழும். தொட்டி வந்த அன்றே பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

“ஏளா, இதுக்கு எந்தத் தண்ணி ஊத்தப் போற?”

“உப்புத் தண்ணிதான் அக்கா.”

“அதானே பாத்தேன். நல்ல தண்ணியக் குண்டி கழுவ ஊத்தினா மாதா பொறுக்க மாட்டா.”

அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. தொட்டி என்பது குளிக்கிற சாமான். குளிப்பது உப்புத் தண்ணீரில். சம்மாட்டியும் கொழுந்தனாரும் ஒயர் இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீசியனும் எல்லோரும் இதே ஊர்க்காரர்கள். யாருக்கு வேறு மாதிரி தோன்றும்?

ஹீட்டரைப் போட்டுத் தண்ணீர் சுட்டதும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அவரை இறக்குவேன். நுரை மோட்டார் மட்டும் ஓடும். இறங்க ஆரம்பித்துச் சில வாரம் கழித்து ஒருநாள் அவர் கத்தினார்.

“ஏளா! நுரைய நிப்பாட்டு, நுரைய நிப்பாட்டு!”

ஷாக் அடித்துவிட்டதோ என்று பதறிப்போய் அணைத்தேன். நுரை அடங்கித் தண்ணீர் தெளிந்தது. அடியில் அவருடைய இடது பாதம் வெளுப்பாகத் தெரிந்தது. பெருவிரல் லேசாக நிமிர்ந்து திரும்பப் படுத்தது. மணலுக்குள் இருந்து நண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவது போலத்தான் இருந்தது.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“பொய் சொல்லாத.”

“மாதா சத்தியமாப் பாத்தேங்க.”

அன்றிலிருந்து அந்தத் தொட்டி எங்களுக்கு எல்லாமும் ஆனது. விரல் அசைந்தது, பிறகு பாதம் அசைந்தது. தரையில் அசையாது. தண்ணீருக்குள், அதுவும் சுடு தண்ணீருக்குள் மட்டும்தான். மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் ஒரு நொடி எழுந்து நின்றார்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் தண்ணீர் சுடுவது நின்றது.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட எனக்குக் கூச்சம். கொழுந்தனாரிடம் சொன்னேன். அவர் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிறவர். எதையும் கழற்றிப் பார்க்கத் தயங்க மாட்டார். பலகையைத் தூக்கி உள்ளே இறங்கி ஹீட்டரைக் கழற்றி வெளியே கொண்டுவந்தார். கம்பியே தெரியவில்லை. கை தடிமனுக்கு வெள்ளையாகக் கல் மாதிரி உப்பும் சுண்ணாம்பும் பிடித்திருந்தது.

“மதினி, இது ஹீட்டரா பாரா?” என்றார். பார் என்பது கடலுக்குள் இருக்கிற பாறை. “இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா மீன் வந்து குடியேறியிருக்கும்.”

சுத்தியலால் தட்டினார். கல் பெயரவில்லை, கம்பிதான் வளைகிற மாதிரி இருந்தது. கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“ஏலே, தட்டாத. ஆசிட்ல போடு.”

“ஆசிட்லயா?”

“சங்கு எப்படிலே வெளுக்கு?”

கடலில் இருந்து எடுக்கிற சங்கு கடையில் பார்க்கிற மாதிரி இருக்காது. மேலே தோலும் சுண்ணாம்பும் பிடித்து அழுக்காக இருக்கும். சங்குப் பட்டறையில் அதை ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். நுரைத்துக்கொண்டு மேல் அழுக்கு கழன்று, உள்ளே பால் மாதிரி வெள்ளை தெரியும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்த வாடையிலேயே வளர்ந்தவர்கள். கொழுந்தனார் முகம் மலர்ந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் இருந்து ஒரு கேனில் வாங்கி வந்தார்.

ஹீட்டரைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து ஊற்றியதும் சீறிக்கொண்டு நுரை பொங்கியது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். கொழுந்தனார் இருமிக்கொண்டே சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் பளபளவென்று வந்தது. புதுக் கொலுசு மாதிரி இருந்தது. அதை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சங்கில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது போல.

“நல்லா வந்திருக்குலே. பைப்புக்குள்ளயும் இதே கல்லுதான இருக்கும்?”

“இருக்கத்தான் செய்யும்.”

“அங்கனயும் ஊத்திரு. அரைகுறையா விடாத.”

கொழுந்தனார் தொட்டியின் குழாய்களுக்குள்ளும் மீதி ஆசிட்டை ஊற்றினார். எல்லா ஓட்டையில் இருந்தும் நுரை வந்தது. கட்டிக் கட்டியாக வெள்ளைக் கல் வெளியே விழுந்தது. பல தடவை தண்ணீர் விட்டு அலசினார். மறுபடி மாட்டி, தொட்டியை நிரப்பி, சுவிட்சைப் போட்டோம். தண்ணீர் சுட்டது. எத்தனை சந்தோஷம்! கொழுந்தனார் காப்பி குடித்துவிட்டு, “மதினி, இனிமே ஆறு மாசத்துக்குக் கவலை இல்ல” என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனார்.

சாயங்காலம் நான் அவரை இறக்கினேன். நாலைந்து நாள் விட்டுப்போன காலுக்கு ஏக்கம் இருந்திருக்க வேண்டும். இறங்கியதும் விரல் அசைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று மோட்டார் ஒரு மாதிரி முனகியது. டப்பென்று சத்தம் கேட்டு வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. போனால் போகிறது, தண்ணீர்தான் சூடாக இருக்கிறதே என்று நானும் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

“ஏளா, நான் மேல வாரேனா, தண்ணி கீழ போவுதா?”

பார்த்தேன். நெஞ்சளவு இருந்த தண்ணீர் வயிற்றுக்கு இறங்கியிருந்தது.

“தண்ணிதாங்க போவுது.”

“எங்க போவுது?”

“தெரியலையே.”

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பில் இருந்தும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக் கல்தான் இத்தனை நாளும் பழைய இணைப்புகளையெல்லாம் அடைத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சங்கை வெளுக்கிற மாதிரி அதை நாங்கள் வெளுத்து எடுத்துவிட்டோம். ஒழுகிய தண்ணீர் மோட்டாரில் பட்டுத்தான் கரண்ட் போயிருக்கிறது. போனதால் அவர் பிழைத்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவரை மேலே ஏற்றப் பார்த்தேன். கம்பியைப் பிடித்தார். நான் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். வரவில்லை. அவரைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது தண்ணீர். தண்ணீர் போனதும் அவர் கனம் முழுவதும் அவரிடமே திரும்பிவிட்டது. வழவழப்பான தொட்டி, கால் ஊன்ற இடமில்லை. இரண்டு தடவை இழுத்ததில் நானும் உள்ளே விழப் பார்த்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, தொடைக்கு வந்தது. காற்றுப் பட்டு அவருடைய இடது கால் வெடவெடவென்று இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

“தம்பிக்குப் போன் போடு.”

அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“அடுத்த வீட்டுல கூப்பிடட்டா?”

“இந்தக் கோலத்துலயா?” ஒரு பழைய டவுசரோடு உட்கார்ந்திருந்தார். “கூப்பிட்டியோ, பொறவு நான் வெளியவே வர மாட்டேன்.”

“இப்பவும் வெளிய வரலையேங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது. நான் மதில் வரை போனேன். கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. திரும்பி வந்தேன். கரண்ட் இல்லாமல் போர் மோட்டார் ஓடாது, உப்புத் தண்ணீர் எடுக்க வழியில்லை. அப்போதுதான் அடுப்படி ஓரம் மூடி வைத்திருந்த டிரம் கண்ணில் பட்டது. முந்தின நாள்தான் குழாய் வந்து நிறைத்து வைத்திருந்தேன். இரண்டு டிரம் நல்ல தண்ணீர். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குடத்தை எடுத்துக் கோரினேன்.

குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினேன். ஒழுகுவதைவிட வேகமாக ஊற்றினால் அவர் மேலே வந்துவிடுவார் என்பதுதான் கணக்கு. தண்ணீர் முழங்காலில் இருந்து ஏறியது. நான் அடுத்த குடத்துக்குப் போய் வருவதற்குள் பாதி இறங்கியது.

“ஏளா! எதுக்குளா நல்ல தண்ணியக் கோரிக்கிட்டு ஓடுத?”

பக்கத்து வீட்டு அக்காதான். மதிலுக்கு மேலே முகம் தெரிந்தது.

“அவர் உள்ள உக்காந்திருக்கார் அக்கா.”

“எதுக்குள்ள?”

“தொட்டிக்குள்ள. தண்ணியெல்லாம் போயிட்டு. ஏற முடியலை.”

எட்டிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். பிறகு தலை மறைந்தது. திட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், இரண்டும் அவள் வீட்டு நல்ல தண்ணீர். கொட்டகை வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

“தம்பி, நான் ஒண்ணும் பாக்கலை. நீ வெக்கப்படாம மேல வா.”

ஊற்றினாள்.

“அக்கா, என் தலையில ஊத்துதீங்க.”

“பாத்தாத்தான தெரியும்!”

இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றினோம். அவள் டிரம்மும் என் டிரம்மும் காலியாகிற நேரத்தில் தண்ணீர் அவர் வயிற்றுக்கு மேல் வந்தது. “இப்போ, இப்போ” என்று அவர் கத்தினார். அக்கா முகத்தைத் திருப்பியபடியே ஒரு கையைப் பிடித்தாள், நான் ஒரு கையைப் பிடித்தேன். கட்டுமரத்தை மணலில் ஏற்றுவது மாதிரி இழுத்துப் போட்டோம். அவர் தரையில் கவிழ்ந்து கிடந்து மூச்சு வாங்கினார். அத்தனை நல்ல தண்ணீரும் குழிக்குள் இறங்கிப்போனது.

அக்கா புடவையைப் பிழிந்துகொண்டு, “மாதா பொறுத்துக்கிடுவா” என்றாள். அன்று இரண்டு வீட்டிலும் உலை வைக்கத் தண்ணீர் கேன்தான் வாங்கினோம்.

கொழுந்தனார் மறுநாள் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. இணைப்புகளுக்குப் புது வாஷர் போட்டார். சில இடத்தில் தொட்டியின் ஃபைபரே விட்டிருந்தது. அதற்கு மட்டும் படகுக்கு ஒட்டுகிற மாதிரி ரெசின் தடவி ஒட்ட வேண்டும், அதுவரை தொட்டி காய்ந்து கிடக்க வேண்டும் என்றார்.

“போட்டுன்னா எனக்கு ஈசி மதினி. கடல்ல விட்டா, தண்ணி உள்ள வார இடம் தெரிஞ்சிரும். இது வெளிய போவுது பாத்துக்கிடுங்க. எல்லாம் தலைகீழா இருக்கு.”

காற்றில் ஈரம் இருந்ததால் ரெசின் இறுகவில்லை. இறுக வைக்கிற மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்தார். அது புகைந்துகொண்டு, அவர் உட்கார்ந்த இடத்திலேயே இறுகிவிட்டது. எழுந்தபோது இடுப்பில் கட்டியிருந்த சாரம் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. கத்தரிக்கோல் எடுத்து வந்து கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவர் சிரிக்கவில்லை.

ஒட்டுப் போட்டதெல்லாம் நன்றாகக் காயட்டும் என்று தார்ப்பாயைப் போட்டு மூடினோம். அதற்குப் பிறகு மழை பிடித்தது. விடாத மழை. கரண்ட் இல்லை. உப்பளங்கள் நிறைந்து தெருவுக்குத் தண்ணீர் வந்தது. தெருவில் இருந்து எங்கள் பின்வாசலுக்கு வந்தது. கொழுந்தனார் படகுகளைக் கட்டப் போய்விட்டார்.

நான் அடுப்பில் வெந்நீர் வைத்துத் துணியில் நனைத்து அவர் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். அவர் தினமும் போர்வையை விலக்கி இடது பாதத்தைப் பார்ப்பார். அசைக்க முயற்சி செய்வார். முகம் சிவக்கும். “இருக்குளா, லேசா இருக்கு” என்பார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று தலையாட்டுவேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் பின்வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே ஓட்டு ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏளா, தொட்டி மிதக்கு.”

“என்னது?”

“தொட்டி மிதக்குங்கேன்!”

காய்ச்சலில் பேசுகிறாரோ என்று நெற்றியைத் தொட வந்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுக் கொட்டகையைக் காட்டினார். தார்ப்பாய் கூடாரம் மாதிரி உயர்ந்திருந்தது. தரைக்குச் சமமாக இருந்த தொட்டி முழங்கால் உயரத்துக்கு எழும்பி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குழிக்குள் அடியில் இருந்து தண்ணீர் ஊறி நிறைந்திருக்கிறது. நாங்கள்தான் தொட்டியைக் காலி செய்து, ஒரு சொட்டு ஒழுகாமல் ஒட்டி வைத்திருந்தோமே. அது படகாகிவிட்டது. குழாய்கள் அறுந்து தொங்கின. மோட்டார் தண்ணீருக்குள் எங்கேயோ இருந்தது.

போன் போட்டதும் கொழுந்தனார் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார். விளிம்பைப் பிடித்து அழுத்தினார். ஒரு பக்கம் இறங்கியது, மறு பக்கம் எழும்பியது. உள்ளே ஏறி உட்கார்ந்தார். அவரையும் சேர்த்து மிதந்தது. மதிலுக்கு மேலே அக்கா தலை தெரிந்தது.

“ஏலே, எங்க போற? இலங்கைக்கா?”

“வாங்கக்கா, இடம் இருக்கு.”

நிலையில் இருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். “வெளையாடாதீங்கலே! கனம் குடுங்க. தண்ணிய உள்ள கோரி ஊத்துங்க. கனம் இருந்தாத்தான் இறங்கும்.”

ஆளுக்கொரு வாளி எடுத்துக்கொண்டோம். அக்காவும் வந்துவிட்டாள். கொட்டகையில் நின்ற மழைத் தண்ணீரை அள்ளித் தொட்டிக்குள் ஊற்றினோம். படகில் சேர்ந்த தண்ணீரை வெளியே இறைத்துத்தான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். உள்ளே இறைத்தது அதுதான் முதல் தடவை. தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் அங்கிருந்தே “இடது பக்கம் ஊத்து, வலது பக்கம் நிப்பாட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் பழைய தெம்பு இருந்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. குழாயை மாற்றலாம், மோட்டாரைக் காயவைக்கலாம், தொட்டி இருந்தால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஊற்றினேன்.

தொட்டி எழும்பியிருந்த நேரத்தில் குழியின் பக்கத்து மணல் சரிந்து அடியில் சேர்ந்திருக்கிறது. அது தண்ணீருக்குள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பாதிக்கு மேல் நிறைந்ததும் தொட்டி அந்த மணல் மேட்டில் நடுவயிறு பட உட்கார்ந்தது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். கொழுந்தனார் வாளியைக் கீழே போட்டார். இந்த விளிம்பில் இருந்து அந்த விளிம்பு வரைக்கும் கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. நாங்கள் ஊற்றிய தண்ணீரும் குழித் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன.

கொழுந்தனார் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். படகில் இருக்கிற எல்லா ஓட்டையையும் அடைக்கிறவர் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார். அக்கா “சேசுவே” என்றாள். யாருக்கும் நிலையில் இருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர்தான் முதலில் பேசினார்.

“தண்ணியும் நானும் உள்ள இருந்திருந்தா அந்தக் கனத்துல எழும்பியே இருக்காது.”

“அண்ணே...” என்றார் கொழுந்தனார்.

“நல்ல ஒட்டுலே. அத்தனை கனத்துக்கும் ஒட்டு விடலை, பாரு. வேற இடத்துலதான் விட்டிருக்கு.”

அக்கா எல்லோருக்கும் அவள் வீட்டில் இருந்து கட்டங்காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, காலின் மேல் கிடந்த துண்டை எடுக்கவும் இல்லை, அன்று பாதத்தைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் மழை விட்டது. பின்வாசல் தண்ணீர் வடியவில்லை. கொழுந்தனார் வந்து, இனி மிதக்காது என்று தெரிந்தும், உடைந்த தொட்டியைப் படகைக் கட்டுவது மாதிரிக் கயிறு போட்டு முருங்கை மரத்தில் கட்டிவிட்டுப் போனார். நான் பெரிய பானையில் வெந்நீர் வைத்து, அவரை நாற்காலியில் உட்கார்த்திக் காலில் ஊற்றினேன். வலது கால் அசைந்தது. இடது கால் அசையவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது.